ஆவூரில் இல்லாத எங்கள் கிளை

போன வருஷம் தை மாதம், பொங்கல் கழிந்து பத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருக்கும். திருமயத்தில் மெயின் ரோட்டை ஒட்டி இருக்கிற என் வண்டி ஷெட்டில், காலை பதினொரு மணி வாக்கில் இது நடந்தது.

அதற்கு முன்னால் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். படிப்பு மூன்றாம் வகுப்பு. அதை நான் எங்கேயும் மறைத்ததில்லை. அரிவாள் பிடித்துக் கூலிக்கு நெல் அறுத்தவன், தலைச்சுமையாகக் கட்டுச் சுமந்தவன், இன்றைக்கு நான்கு அறுவடை வண்டிக்குச் சொந்தக்காரன். இரண்டு டயர் வண்டி, இரண்டு செயின் வண்டி. காய்ந்த வயல் என்றால் டயர் வண்டி போதும். சேறும் தண்ணீருமாகக் கிடக்கிற வயலில் செயின் வண்டிதான் இறங்கும். இந்தப் பக்கத்தில் முதன்முதலில் செயின் வண்டி இறக்கியவன் நான்தான். யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். இதைக்கூட யாரையும் வைத்து எழுதவில்லை, நானேதான் எழுதுகிறேன். எழுத்துப் பிழையை மட்டும் என் மகள் பார்த்தாள்.

இப்படி எல்லாவற்றையும் நானே கற்றுக்கொண்டு ஜெயித்தவன் என்கிற நினைப்பு எனக்கு நிறைய உண்டு. அந்த நினைப்போடுதான் நெட்டுக்குள்ளும் காலை வைத்தேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் எல்லாரும் வெப்சைட் வைக்கிறார்களே என்று நானும் ஒன்று வைத்தேன். புதுக்கோட்டையில் எனக்கு எப்போதும் பிளெக்ஸ் போர்டு அடித்துத் தருகிற கடைக்காரரிடமே சொன்னேன். "கோயில் திருவிழாவுக்கு அடிச்சீங்கள்ல, அதே போர்டை அப்படியே நெட்டுல ஏத்திருங்க" என்றேன். அவரும் ஏற்றிவிட்டார். கும்பிட்டபடி நான் நிற்கிறேன். பின்னால் நான்கு வண்டி. தலைக்கு மேலே 'உழவர்களின் உற்ற தோழன்' என்று மஞ்சள் எழுத்து. கீழே போன் நம்பர். மொத்தமும் ஒரே படம். பார்க்கப் பிரமாதமாக இருந்தது.

ஆனால் அதைப் பார்த்துவிட்டு ஒருவரும் கூப்பிடவில்லை. என் பேரைப் போட்டுத் தேடினால் மட்டும் வந்தது. வேறு எப்படித் தேடினாலும் வரவில்லை. படத்துக்குள் இருக்கிற எழுத்தை நாம் கண்ணால் படித்துவிடுகிறோம், தேடுகிற மிஷினுக்கு அது வெறும் படம்தான் என்று என் மகள் சொன்னாள். அவள் புதுக்கோட்டையில் ஒரு ஆபீசில் வேலை பார்க்கிறாள். "அப்பா, எழுத்தை எழுத்தாப் போடணும். அதுவுமில்லாம இவ்வளவு பெரிய படம் வயக்காட்டுல டவர் இல்லாத எடத்துல தெறக்குமா?" என்றாள். நான் காதில் வாங்கவில்லை. "என் மூஞ்சி இல்லாம எவன் நம்புவான்?" என்றேன்.

அப்புறம்தான் திருச்சியிலிருந்து ஒரு கம்பெனிக்காரன் போன் பண்ணினான். பேச்சு வெண்ணெய் மாதிரி இருந்தது. "சார், அறுவடை மிஷின்னு யாரு தேடினாலும் உங்களத்தான் முதல்ல காட்ட வைக்கிறோம்" என்றான். முதல் இடம் என்கிற ஒரே வார்த்தைக்கு நான் விழுந்துவிட்டேன். மாதாமாதம் சந்தா மாதிரி வாங்கிக்கொண்டு, நான் கும்பிடுகிற படத்தை மட்டும் வைத்துப் புதிதாக ஒரு வெப்சைட் போட்டு, என்னென்னவோ செய்தான். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பக்கம் போட்டான். 'திருமயத்தில் எங்கள் கிளை', 'விராலிமலையில் எங்கள் கிளை', 'ஆவூரில் எங்கள் கிளை' என்று நாற்பது ஐம்பது ஊர். உள்ளே இருக்கிற சமாச்சாரம் எல்லாவற்றிலும் ஒன்றுதான், ஊர்ப் பேர் மட்டும் மாறும். வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தாக, பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியாமல் 'அறுவடை அறுவடை அறுவடை' என்று நூறு தரம் எழுதி வைத்திருந்தானாம். அது பின்னால்தான் எனக்குத் தெரியும். மேப்பில் ஊர் ஊராக என் பேரில் புள்ளி குத்தினான். நான் பேர்கூடக் கேள்விப்படாத வடக்கத்தி ஆட்கள் 'மிக அருமையான சேவை' என்று எனக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார்கள். அவர்கள் ஊரில் கோதுமைதானே அறுப்பார்கள் என்றுகூட நான் யோசிக்கவில்லை.

ஜெகதாப்பட்டினத்துக்கும் ஒரு கிளை போட்டுவிட்டான். அங்கே ஐஸ் பிளான்ட் வைத்திருக்கிற எனக்குத் தெரிந்தவர் போன் பண்ணி, "அண்ணே, எங்க துறைமுகத்துல அறுக்கிறதுக்கு வஞ்சிரமும் பாறை மீனுந்தான் கெடக்கு. செயின் வண்டி எறங்குமா, இல்ல படகு வண்டி அனுப்புவீங்களா?" என்று சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் அதை எடுக்கச் சொல்லவில்லை. ஏனென்றால், நான் நிஜமாகவே முதலில் வந்துவிட்டேன். அந்த ஒரு வருஷம் ஷெட்டுக்கு யார் வந்தாலும், டீ சொல்வதற்கு முன்னால் போனை எடுத்துத் தேடிக் காட்டுவேன்.

அன்றைக்கும் அப்படித்தான், உரக்கடைக்காரர் ஒருவரிடம் காட்டிக்கொண்டிருந்தேன். வெளியே வானம் மூடிக் கிடந்தது. தை மாதத்தில் இப்படி மூடினால் எங்கள் தொழிலில் எல்லாருக்கும் பயம்தான். சம்பா நெல் முற்றி, அறுப்புக்கு நிற்கிற நேரம் அது.

ஒரு அம்மா உள்ளே வந்தார். நாற்பது வயது இருக்கும். கையில் குடை, தோளில் பை. செருப்பிலும் சேலை ஓரத்திலும் காய்ந்த சேறு.

"இங்க ஓனர் யாருங்க?"

"நாந்தாம்மா. ஒக்காருங்க. எந்த ஊரு?"

"ஆவூருங்க."

"ஆவூரா? அங்கதான் நம்ம கிளை இருக்கே, இவ்வளவு தூரம் எதுக்கு வந்தீங்க?" என்றேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், பொய் சொல்கிறோம் என்கிற உணர்ச்சியே எனக்கு இல்லை. ஒரு வருஷமாகக் காட்டிக் காட்டி எனக்கே அது நிஜமாகிவிட்டிருந்தது.

அந்த அம்மா உட்காரவில்லை. "கிளைக்குப் போயிட்டுத்தாங்க வாரேன். காலையில ஆறரைக்கே போயிட்டேன். மேப்புல காட்டுன எடம் கம்மாக் கரை. ரெண்டு எருமை படுத்திருந்துச்சு. 'செயின் வண்டி இருக்கா'ன்னு கேட்டேன். ஒண்ணும் சொல்லலீங்க" என்றார்.

உரக்கடைக்காரர் டீயைத் துப்பிவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அம்மாவுக்கும் சிரிப்பு இல்லை. கண் சிவந்திருந்தது.

விஷயம் இதுதான். அவர் பள்ளிக்கூட டீச்சர். வீட்டுக்காரர் துபாயில். மாமனார் படுத்த படுக்கையாகிவிட்டதால் அந்த வருஷம்தான் முதன்முதலாகத் தானே நின்று ஒன்றரை ஏக்கர் சம்பா போட்டிருக்கிறார். பங்காளிகள் எல்லாரும், "பேனா புடிக்கிற கைக்கு எதுக்கு வயலு? எங்களுக்குக் குத்தகைக்கு விட்ரு" என்றார்களாம். விடவில்லை. ஸ்கூல் போவதற்கு முன்னால் ஒரு தரம், வந்த பின்னால் ஒரு தரம் என்று வயலே கதியாகக் கிடந்து நெல்லை விளைய வைத்துவிட்டார். நான்கு நாளைக்கு முன்னால் அடித்த காற்றில் மொத்தப் பயிரும் சாய்ந்து படுத்துவிட்டது. வயலில் கணுக்கால் அளவு தண்ணீர். கதிர் தண்ணீரில் கிடக்கிறது. இன்னொரு மழை அடித்தால் வயலிலேயே முளை விட்டுவிடும்.

எங்கள் பக்கத்தில் அறுப்பு வண்டிக்கு ஒரு முறை உண்டு. வண்டி ஒரு ஊருக்குள் இறங்கினால் வரப்பு வரிசைப்படிதான் அறுத்துக்கொண்டு போகும். உங்கள் முறை வரும்போது வேண்டாம் என்றால் அடுத்த வயலுக்குப் போய்விடும். ஊரை முடித்து லாரியில் ஏற்றிவிட்டால் அப்புறம் திரும்பி வராது. அடுத்த ஊரில் வரிசை காத்துக்கொண்டிருக்கும்.

இரண்டு நாளைக்கு முன்னால் ஆவூருக்கு ஒரு செயின் வண்டி வந்திருக்கிறது. அதைக் கூட்டி வந்த புரோக்கர் இவரிடம், "டீச்சர், ஒங்க வயலு வந்துருச்சு, எறக்கவா?" என்று கேட்டிருக்கிறார். இவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஏன் தெரியுமா? அதற்கு முந்தின நாள் போனில் தேடி என் பக்கத்தைப் பார்த்திருக்கிறார். 'ஆவூரில் எங்கள் கிளை. அழைத்த ஒரு மணி நேரத்தில் செயின் வண்டி. சாய்ந்த பயிருக்குச் சிறப்பு டிரைவர்' என்று அதில் இருந்தது. சொந்தமாக விசாரித்து, சொந்தமாக ஒரு நல்ல வண்டியைக் கொண்டு வந்து பங்காளிகளுக்கு முன்னால் நிறுத்த வேண்டும் என்று நினைத்திருக்கிறார். அந்த வண்டி அவர் வயலைத் தாண்டிப் போய்விட்டது.

அப்புறம் என் பக்கத்தில் இருந்த நம்பருக்குக் கூப்பிட்டிருக்கிறார். மணி அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. இரண்டு நாளில் இருபது தரம். கடைசியில் அதே பக்கத்தில் இருந்த திருமயம் விலாசத்தைத் தேடிக் கிளம்பி வந்துவிட்டார். போனை வாங்கிப் பார்த்தேன். அது என் நம்பரே இல்லை.

அந்தத் திருச்சிக் கம்பெனிக்காரன், எத்தனை பேர் கூப்பிடுகிறார்கள் என்று எண்ணுவதற்காகத் தன் நம்பர் ஒன்றைப் போட்டு அங்கிருந்து எனக்குத் திருப்பிவிட்டிருக்கிறான். முதல் இடம்தான் வந்துவிட்டதே என்று இரண்டு மாதத்துக்கு முன்னால் நான் சந்தாவை நிறுத்தியிருந்தேன். அவன் சத்தமில்லாமல் அந்தத் திருப்பலை நிறுத்திவிட்டான். இரண்டு மாதமாக யார் யார் கூப்பிட்டார்களோ, கடவுளுக்குத்தான் தெரியும். நானோ, கூப்பிடுகிறவர்கள் குறைந்துவிட்டார்களே, ஊரில் விவசாயம் குறைந்துவிட்டது என்று மற்றவர்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எனக்கு வந்ததெல்லாம் கோபம்தான். "இதெல்லாம் அந்தக் கம்ப்யூட்டர்காரன் பண்ணுன வேலம்மா. எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று கத்தினேன்.

"ஐயா, கம்ப்யூட்டர்காரரு மூஞ்சிய நான் பாத்ததே இல்ல. கும்பிட்டுக்கிட்டு நிக்கிறது நீங்கதானே? ஒங்களப் பாத்துத்தான் நம்புனேன்" என்றார் டீச்சர். குரலை உயர்த்தக்கூட இல்லை.

அன்றைக்கு என் செயின் வண்டிகள் இரண்டும் தஞ்சாவூர்ப் பக்கம் அறுத்துக்கொண்டிருந்தன. வரிசையை விட்டு எடுத்துக் கிளம்பினாலும் மறுநாள்தான் வந்து சேரும். வானம் மறுநாள் வரைக்கும் பொறுக்கிற மாதிரி இல்லை. ஷெட்டில் நின்றது டயர் வண்டி. அந்தச் சேற்றில் இறக்கினால் புதைந்துவிடும்.

ஒரே ஒரு வழிதான் இருந்தது. அதை நினைத்தாலே எனக்குக் கசந்தது.

விராலிமலைப் பக்கம் ஒருவர் இருக்கிறார். என்னிடம் ஏழு வருஷம் டிரைவராக இருந்தவர். தனியாக வண்டி வாங்கிப் போனதிலிருந்து எனக்கும் அவருக்கும் பேச்சு இல்லை. அவரும் ஒரு வெப்சைட் வைத்திருந்தார். அதை நான் எத்தனை தரம் கேலி செய்திருப்பேன் தெரியுமா? படம் இல்லை, பட்டம் இல்லை. 'இன்று வண்டி இருக்கும் ஊர்' என்று ஒரு வரி, 'அடுத்து போகும் ஊர்' என்று ஒரு வரி, அவர் நம்பர். அவ்வளவுதான். தினமும் காலையில் அவர் சம்சாரம் அந்த இரண்டு வரியை மாற்றிவிடுவாராம். "என்னடா இது, பஸ் ஸ்டாண்டு போர்டு மாதிரி" என்று சொல்லியிருக்கிறேன்.

அதைத்தான் அன்றைக்குத் திறந்து பார்த்தேன். வண்டி ஆவூருக்கு அடுத்த ஊரிலேயே நின்றது. டீச்சர் வயலைத் தாண்டிப் போனதும் அதே வண்டிதான்.

கூப்பிட்டேன்.

"யாரு?" என்றார். சொன்னேன். அப்புறம், "என்னண்ணே, நம்பர் ஒன்னு ஆளு! கடைசி நம்பர்ல இருக்கிற நம்மளுக்கெல்லாம் போன் பண்றீங்க?" என்றார்.

"தம்பி, ஒரு வயலு" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். குறைத்துச் சொல்லத்தான் பார்த்தேன். பக்கத்திலேயே டீச்சர் நின்றதால் முடியவில்லை.

"அண்ணே, வண்டி என்னோடது. வரிசை என்னோடது இல்ல. இன்னும் மூணு பேரு நிக்கிறாங்க. வானத்தப் பாத்துக்கிட்டே நிக்கிறாங்க. நான் ஒடைக்க முடியாது. நீங்களே வந்து அவங்கள்ட்ட கேளுங்க. குடுத்தா வாரேன்" என்றார்.

டீச்சரை ஏற்றிக்கொண்டு காரில் கிளம்பினேன். புதுக்கோட்டையைத் தாண்டினோம். அப்புறம் நானே, "டீச்சரம்மா, என்னன்னு போட்டுத் தேடுனீங்க?" என்று கேட்டேன். 'சிறந்த அறுவடை நிறுவனம்' என்று தேடியிருப்பார் என்றுதான் நினைத்தேன். அந்த வார்த்தைக்குத்தான் அவ்வளவு செலவழித்திருந்தேன்.

"'சாஞ்ச நெல்லு, வயலில் தண்ணி, எப்படி அறுப்பது'ன்னு போட்டேன்" என்றார். "உருப்படியா ஒண்ணும் வரல. அப்புறம் ஆவூர்னு சேத்துப் போட்டேன். நீங்க வந்தீங்க."

கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "ஒங்க பக்கத்துல என் கேள்விக்குப் பதிலு எங்கயுமே இல்லய்யா. தண்ணிய வடிக்கணுமா, எத்தன நாள் தாங்கும், எந்தப் பக்கத்துலேருந்து அறுக்கணும், ஒண்ணும் இல்ல. ஒங்களுக்கு எத்தன பொன்னாட போட்டாங்கன்னு இருந்துச்சு."

அவர் கேட்ட அத்தனை கேள்விக்கும் எனக்குப் பதில் தெரியும். முப்பது வருஷமாகச் செய்கிற வேலை. தண்ணீரை எந்த மூலையில் வெட்டி வடிக்க வேண்டும், சாய்ந்த பக்கத்துக்கு எதிராக வண்டியை எப்படிக் கொடுக்க வேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அது ஒரு வரிகூட என் பக்கத்தில் இல்லை. அங்கிருந்தே டீச்சரை அவர் வீட்டுக்குப் போன் பண்ணச் சொல்லி, வயலின் தாழ்ந்த மூலையில் வரப்பை வெட்டிவிடச் சொன்னேன்.

அந்த ஊர் வயலுக்குப் போய்ச் சேரும்போது மணி ஒன்று. வண்டி ஓடிக்கொண்டிருந்தது. வரப்பில் மூன்று பேர் நின்றார்கள். அடுத்த முறைக்காரர் என் வயசுக்காரர். கைலியை மடித்துக் கட்டி, தலையில் துண்டு கட்டியிருந்தார். என் பழைய டிரைவர் தள்ளி நின்று வேடிக்கை பார்த்தார், உதவிக்கு வரவில்லை. வராததும் நியாயம்தான்.

மேடை ஏறிப் பேசியிருக்கிறேன். கலெக்டர் ஆபீஸ் கூட்டத்தில் பேசியிருக்கிறேன். அந்த வரப்பில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுதான் பேசினேன்.

"ஐயா, நான் திருமயம். எனக்கும் வண்டி இருக்கு. ஆவூர்ல கிளை இருக்குன்னு நெட்டுல போட்டிருந்தேன். அப்படி ஒண்ணும் இல்ல. அத நம்பி இந்த டீச்சர் வந்த வண்டிய விட்டுட்டாங்க. இப்ப அவங்க பயிரு தண்ணியில கெடக்கு. ஒங்க முறைய அவங்களுக்குக் குடுத்தீங்கன்னா..." என்று சொல்லி நிறுத்தினேன்.

"ஏன்யா, இல்லாத கிளைய எதுக்குப் போட்டே?" என்றார் அவர்.

"முதல்ல வரணும்னு போட்டேன்."

"வந்தியா?"

"வந்தேன்."

பக்கத்தில் நின்றவர் சிரித்துவிட்டார். "அப்ப ஏன் இங்கிட்டுக் கடைசியா வந்து நிக்கிறே?" என்றார்.

தலைத்துண்டுக்காரர் சிரிக்கவில்லை. வானத்தைப் பார்த்தார். தன் வயலைப் பார்த்தார். டீச்சரைக் கேட்டார்: "ஒனக்கு எவ்வளவு ஆத்தா?"

"ஒன்றரை ஏக்கரு."

"படுத்துருச்சா?"

"மொத்தமும் படுத்துருச்சுங்க."

"என்னுது நிக்கிதுல்ல. நிக்கிறது இன்னொரு நாளு நிக்கும். படுத்தத மொதல்ல தூக்குங்க" என்றார். என் பக்கம் திரும்பி, "ஒனக்காக இல்ல" என்றும் சொன்னார்.

மற்ற இரண்டு பேரும் தலையாட்டினார்கள். அவர்களுக்கும் முறை தள்ளித்தான் போகிறது. ஆனாலும் ஒருவர் லாரிக்கு வழி விட மாட்டு வண்டியைத் தள்ளி நிறுத்தினார்.

வண்டியை லாரியில் ஏற்றி ஆவூர் வந்து வயலில் இறக்கும்போது இரண்டரை மணி. அந்த ஊர்க் கோயில், பெரிய மாதா கோயில், அது வயலிலிருந்தே தெரியும். அதற்குப் பின்னால் வானம் கன்னங்கரேலென்று இருந்தது. பங்காளிகள் நான்கைந்து பேர் வரப்பில் வந்து நின்றார்கள். ஒருவர், "என்ன டீச்சர், போன்ல பேசுன வண்டி ஒரு வழியா வந்துருச்சாக்கும்" என்றார்.

"வந்துருச்சு சித்தப்பா. சாக்கு தூக்க ஆளு பத்தல, எறங்குறீங்களா?" என்றார் டீச்சர். அவர் இறங்கினார்.

நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வயலில் இறங்கினேன். எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது வயல் சேற்றில் கால் வைத்து. பயிர் சாய்ந்த பக்கத்துக்கு எதிராக, வண்டிக்கு முன்னால் நடந்துகொண்டே டிரைவருக்குக் கையைக் காட்டினேன். என் பழைய டிரைவரே அன்றைக்கு வண்டியை ஓட்டினார். நான் கை காட்ட அவர் திருப்புவது அந்த ஏழு வருஷப் பழக்கம். அன்றைக்கும் வேலை அப்படியே நடந்தது.

ஐந்து மணிக்குச் சற்று முன்னால் மழை இறங்கியது. ஒரு ஏக்கருக்கு மேல் அறுத்துவிட்டோம். கண்மாய் ஓரத்துத் தாழ்ந்த துண்டு மட்டும் தண்ணீரிலேயே நின்றுவிட்டது. அறுத்ததைத் தார்ப்பாய் போட்டு மூடி டிராக்டரில் அனுப்பினோம். டீச்சர் நனைந்துகொண்டே அந்த விட்டுப்போன துண்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். மூன்றாம் நாள் அது முளைத்துவிட்டது. மாட்டுக்குத்தான் ஆனது.

முறையை விட்டுக் கொடுத்தவர் வயலும் அந்த மழையில் பாதி சாய்ந்துவிட்டது. மறுநாள் என் செயின் வண்டி ஒன்றைத் தஞ்சாவூரிலிருந்து வரவழைத்து, அவர் வயலுக்கும் மற்ற இரண்டு பேர் வயலுக்கும் நானே கொண்டு போய் இறக்கினேன். கூலி வாங்கவில்லை. அவருக்குக் கொஞ்சம் சேதம்தான். எவ்வளவு போச்சு என்று நான் கேட்டதற்கு, "போனது போச்சு, டீச்சரு நெல்லு எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டார். அந்த மனுஷருக்கு என் பேர்கூடத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் அவர் கேட்கவில்லை.

கிளம்பும்போது டீச்சர் என்னிடம் கேட்டது ஒன்றுதான். நஷ்டம் கேட்கவில்லை. "ஐயா, எங்க ஊருப் பேர அதுலேருந்து எடுத்துருங்க. எனக்கு அடுத்தாப்புல ஒருத்தி தேடுவா" என்றார்.

அன்றைக்கே எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அப்போதுதான் தெரிந்தது, வெப்சைட்டே என் பேரில் இல்லை. திருச்சிக்காரன் அதை அவன் பேரில் பதிந்திருக்கிறான். பாஸ்வேர்டும் அவனிடம். நாலு வண்டிக்கு ஆர்.சி. புத்தகத்தைப் பீரோவில் பூட்டி வைத்திருக்கிற நான், இதை யார் பேரில் இருக்கிறது என்று ஒரு தரம்கூடக் கேட்டதில்லை. என் மகள் பேசி, சண்டை போட்டு, கடிதம் எழுதி வாங்குவதற்குள் சித்திரை ஆகிவிட்டது. அதுவரைக்கும் ஆவூரில் என் கிளை இருந்தபடியேதான் இருந்தது. ஒவ்வொரு நாளும் எனக்கு அது முள்ளாகக் குத்தியது.

கைக்கு வந்ததும் ஊர்ப் பக்கங்களையெல்லாம் அழித்தோம். மேப் புள்ளிகளை, வடக்கத்தி நட்சத்திரங்களை, கண்ணுக்குத் தெரியாத எழுத்தை, எல்லாவற்றையும். அழித்ததும் முதல் இடம் போய்விட்டது. தேடினால் நான் எங்கேயுமே இல்லை. ஒரு வாரம் ஷெட்டுக்குப் போகவே எனக்குப் பிடிக்கவில்லை, உண்மையைச் சொல்கிறேன். ஏதோ பொது இடத்தில் துண்டை உருவிவிட்ட மாதிரி இருந்தது.

அப்புறம் ஒருநாள் டீச்சருக்குப் போன் பண்ணினேன். "நீங்க தேடுன கேள்விய அப்படியே திரும்பச் சொல்லுங்க" என்று கேட்டு மகளை எழுதிக்கொள்ளச் சொன்னேன். அதற்கு நான் பதில் சொன்னேன், நான் பேசுகிற மாதிரியே. மகள் தட்டினாள். சாய்ந்த நெல்லை எப்படி அறுப்பது. டயர் வண்டியா செயின் வண்டியா என்று எப்படி முடிவு செய்வது. எங்கள் வண்டி இன்றைக்கு எந்த ஊரில் இருக்கிறது. எந்த ஊருக்கு எங்களால் வர முடியாது, அங்கே யாரைக் கேட்கலாம். அந்தக் கடைசி வரியில் என் பழைய டிரைவர் நம்பர் இருக்கிறது. அவரைக் கேட்டுத்தான் போட்டேன். "ஏண்ணே, வெயில்ல ரொம்ப நேரம் நின்னீங்களோ?" என்றார். ஆனால் அடுத்த வாரம் அவர் பக்கத்தில் என் நம்பர் இருந்தது.

இப்போது என்னைக் கூப்பிடுகிறவர்கள் பாதிப் பேர் வண்டி கேட்பதில்லை, யோசனைதான் கேட்கிறார்கள். சொல்கிறேன். எனக்குத் தெரிந்த அளவுக்கு இந்த மாவட்டத்தில் யாருக்கும் தெரியாது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. என்னை மாதிரி வெப்சைட் வைத்து ஏமாந்து கிடக்கிற கடைக்காரர்கள், மெக்கானிக்குகள், பந்தல்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். வெட்கப்படாதீர்கள். நமக்குத் தெரியாத தொழிலில் யாரோ முதல் இடம் என்று சொன்னால் மனசு ஓடத்தான் செய்யும். எழுத்தை எழுத்தாகப் போடுங்கள், உங்கள் நம்பரே ஓடுகிறதா என்று வாரம் ஒரு தரம் நீங்களே அடித்துப் பாருங்கள், போக முடியாத ஊரைப் போடாதீர்கள். மற்றதை உங்கள் பிள்ளைகள் சொன்னால் காதில் வாங்குங்கள்.

நெட்டில் தேடுகிறவரை நான் ஏதோ வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் என்று நினைத்திருந்தேன். இப்போதெல்லாம் போன் மணி அடிக்கும்போது, யாரோ ஒருத்தர் தண்ணீர் நிற்கிற வயலின் ஓரத்தில், வானத்தை ஒரு கண்ணாலும் போனை ஒரு கண்ணாலும் பார்த்துக்கொண்டு, நான் சொல்லப்போவதை நிஜம் என்று நம்பி நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டுதான் எடுக்கிறேன்.